தோட்டப் பூச்சிகளையும் சிலந்திகளையும் படம் பிடித்து இனமறிதல்

அல்லிநகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கத்தரியோ தக்காளியோ பயிரிட்டிருக்கும் குடியானவர் ஒருவர் காலையில் ஓர் இலையைத் திருப்பிப் பார்ப்பாரானால், அதன் அடிப்புறத்தில் அவர் காண்பது பெரும்பாலும் ஒரே ஜாதிப் பூச்சியாய் இராது. நரம்போரத்தில் அசுவினிக் கூட்டம் ஒன்று. அதன் நடுவே நிறமும் வடிவமும் வேறான ஒரு புழு. சற்றுத் தள்ளி வெள்ளைப் பஞ்சைக் கிள்ளி வைத்தாற்போன்ற ஏதோ ஒன்று. இலை மடிப்பினுள் பதுங்கியிருக்கும் எட்டுக்கால் பூச்சி. இவற்றுள் எது பயிரைத் தின்பது, எது பயிரைத் தின்பதைத் தின்பது என்பதை வெறுங்கண்ணால் சொல்லிவிடுவது எளிதன்று. ஆயினும் அன்று மாலைக்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. மருந்துக் கடைக்குச் சென்று, "வெள்ளையாய் ஏதோ விழுந்திருக்கிறது" என்கிறார். அந்த ஒரு சொல்லுக்கு ஏற்ற மருந்து கொடுக்கப்படுகிறது. மருந்தின் கிரயமும் தெளிப்பவர் கூலியும் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனிலிருந்தே போகின்றன. மருந்து சாகடித்தது பகைவனையா, காவற்காரனையா என்பது பதினைந்து நாள் கழித்தே தெரியவரும். சில வேளைகளில் அப்பொழுதும் தெரிவதில்லை.

பூச்சியின் பெயரை அறிந்துகொள்வதில் இவ்வளவு சங்கடம் இருப்பதை அறிஞர்கள் நூறு வருஷங்களுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். கப்பற்படை உத்தியோகத்திலிருந்து பூச்சி ஆராய்ச்சிக்கு வந்து, சென்னை அரசாங்கத்தின் பூச்சி நிபுணராயிருந்த பெயின்பிரிக் பிளெச்சர் என்பவர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய பெரிய நூல் ஒன்றை 1914-ம் வருஷம் வெளியிட்டார். அதில் ஓவியர்கள் தீட்டிய வர்ணப் படங்கள் ஏராளமாய் இருந்தன. கோயம்புத்தூரில் அரசாங்கப் பூச்சி நிபுணராயிருந்த டி. வி. ராமகிருஷ்ணய்யர் 1940-ல் தென்னிந்தியாவுக்கென்றே ஒரு கைந்நூல் எழுதினார். இரண்டும் அரிய நூல்களே. ஆனால் இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தன. கிராமத்துச் சாவடிக்கு அவை வந்து சேரவில்லை. அன்றியும், ஓவியர் தீட்டிய படத்தில் பூச்சி இறக்கையை விரித்து, அட்டையில் குத்தி வைத்த கோலத்தில் இருக்கும். தோட்டத்திலோ அது கவிழ்ந்தும் சுருண்டும் பாதி இலைக்குள் மறைந்தும் இருக்கும். படத்தையும் பூச்சியையும் ஒத்துப் பார்ப்பதற்கே ஒரு பயிற்சி தேவைப்பட்டது.

இப்பொழுது பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி இருக்கிறது. அதிலுள்ள காமிராவைச் செவ்வையாய்ப் பயன்படுத்தினால், பூச்சி இருக்கும் இடத்தில் இருக்கும் கோலத்திலேயே அதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், பிறருக்கும் காட்டலாம். கடையில் கிடைக்கும் பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி ஒன்றைக் காமிராத் துளையின்மேல் ஒட்டினாற்போல் பிடித்தாலே, நெல்மணியிற் பாதியளவுள்ள பூச்சியின் கால்களையும் கண்களையும் எண்ணிவிட முடியும்.

படம் பிடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. காமிரா எவ்வளவுக்கெவ்வளவு பொருளை நெருங்குகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு தெளிவாய்த் தெரியும் ஆழம் குறைந்துவிடும். தலை தெளிந்தால் வால் மங்கும். முதுகு தெளிந்தால் கால் மங்கும். ஆகையால் பூச்சியின் உடல் எந்த வாட்டத்தில் கிடக்கிறதோ அதே வாட்டத்தில் கைப்பேசியையும் பிடிக்க வேண்டும். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என மூன்று படங்களாவது வேண்டும். உச்சி வெயிலில் பளபளப்பான வண்டின் முதுகு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பிவிடும். அதன் புள்ளிகள் தெரியா. முதுகுப்புறம் நின்று உடம்பின் நிழலைப் பூச்சியின்மேல் விழச்செய்து எடுத்தால் நிறம் உள்ளபடி விழும். கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் காற்றில் செடி ஒரு கணமும் நில்லாது. அக்காலத்தில் பொழுது புலர்ந்து காற்று எழுமுன் தோட்டத்துக்குப் போவது நலம். அந்நேரத்தில் பூச்சிகளும் குளிரில் விறைத்து ஓடாமல் இருக்கும். இடக்கையால் இலைக்காம்பைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் படம் எடுப்பது பழகிவிட்டால், அது கடினமான வேலையன்று. அளவு தெரிவதற்காக ஒரு படத்தில் தீக்குச்சியோ நாணயமோ பக்கத்தில் இருக்கட்டும். அளவில்லாத படத்தில் கொசுவும் குளவியும் ஒன்றே.

படத்தில் முதலிற் பார்க்க வேண்டியது கால்களின் எண்ணிக்கை. ஆறு கால்களும் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளும் உணர்கொம்புகளும் உடையது பூச்சி. எட்டுக் கால்களும் இரண்டே பகுதிகளும் உடையதாய், உணர்கொம்பு இல்லாதது சிலந்தி. ஜனங்கள் சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்பது பாதி சரி, பாதி பிழை: கால் எண்ணிக்கை சரி, பூச்சி என்பதுதான் பிழை. பூச்சியாயின் அடுத்தபடி இறக்கைகளை எண்ண வேண்டும். தேனீக்கும் குளவிக்கும் நான்கு இறக்கைகள், ஈக்கு இரண்டு. பூக்களின்மேல் அந்தரத்தில் நின்று பறக்கும் மஞ்சள் வரியுள்ள மிதவை ஈயைத் தேனீ என்றே பலரும் எண்ணுகிறார்கள். கிட்டப் படத்தில் இரண்டே இறக்கைகளும், முகத்தை நிறைத்த பெரிய கண்களும், குட்டையான உணர்கொம்புகளும் தெரிந்தால் ஐயம் தீர்ந்துவிடும். இந்த ஈயின் குஞ்சுதான் அசுவினிக் கூட்டத்தின் நடுவே கிடக்கும் காலில்லாப் புழு. அசுவினியைக் கவ்வித் தூக்கி உறிஞ்சிவிட்டுத் தோலை எறிவதே அதன் தொழில். இலைப் புழுவென்று அதை நசுக்குபவர்கள் பலர்.

கத்தரித் தோட்டத்தில் உள்ள பெரிய குழப்பம் பொறிவண்டுகளைப் பற்றியது. செம்மஞ்சள் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு குமிழ்போல் இருக்கும் வண்டுகளில் இரண்டு கூட்டங்கள் உண்டு. ஒரு கூட்டம் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்பது. மற்றொன்று கத்தரி இலையின் பச்சையைச் சுரண்டி, நரம்பை மட்டும் சல்லடைபோல் விட்டுவைப்பது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. கிட்டப் படத்தில் வித்தியாசம் தெளிவாய்த் தெரியும். நன்மை செய்பவற்றின் முதுகு எண்ணெய் தடவினாற்போல் மின்னும். கத்தரியைத் தின்னும் இருபத்தெட்டுப் புள்ளி வண்டின் முதுகு மங்கலாய், நுண்ணிய மயிர் அடர்ந்து, தூசி படிந்தாற்போல் இருக்கும். குஞ்சுகளோ இன்னும் வேறுபட்டவை. தீய வண்டின் குஞ்சு மஞ்சளாய், உடல் முழுதும் கிளைத்த முட்களோடு அசைவின்றிக் கிடக்கும். நல்ல வண்டின் குஞ்சு நீண்டு, கருமை கலந்து, ஆறு கால்களால் சுறுசுறுப்பாய் ஓடித்திரியும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டவர் இலையைச் சுரண்டுபவற்றைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றவற்றைத் தோட்டத்திலேயே விட்டுவிடலாம். சிறு தோட்டங்களுக்குப் பல சமயங்களில் இதுவே போதும்.

மாவுப்பூச்சியின் விஷயம் இதைவிட நுட்பமானது, நஷ்டமும் அதிகம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-ம் வருஷம் புவிசார் குறியீடு பெற்றது. அந்தத் திராட்சைக் குலைகளுக்குள் புகுந்து பிசுபிசுப்பான கழிவைச் சொரிந்து கரும்பூசணம் படியச் செய்வது மாவுப்பூச்சியே. ஆனால் மாவுப்பூச்சி என்பது ஒரு பூச்சியின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். மேலேயுள்ள வெள்ளை மெழுகை ஈர்க்குச்சியால் மெதுவாய் விலக்கிப் படம் பிடித்தால், உள்ளிருக்கும் உடல் இளஞ்சிவப்பாய் இருப்பது ஒன்று. மஞ்சளாய் இருப்பது இன்னொன்று. முதுகில் இரண்டு கருங்கோடுகளும் பின்னால் இரண்டு நீண்ட வால்களும் உடையது வேறொன்று. திராட்சையில் பெருஞ்சேதம் விளைவிப்பது சிவப்பு உடலுடையது. பப்பாளியைக் கெடுத்ததோ மஞ்சள் உடலுடையது.

இந்த வெள்ளைக் கூட்டத்தினிடையே வெள்ளை வேஷத்திலேயே திரியும் காவற்காரர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு பொறிவண்டு 1898-ம் வருஷம் காப்பித் தோட்டங்களின் செதில் பூச்சியை அடக்குவதற்கென இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கிரிப்டோலீமஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். இப்பொழுது திராட்சைத் தோட்டங்களில் மாவுப்பூச்சியை ஒழிக்க அதை வளர்த்து விடுகிறார்கள். அதன் குஞ்சு உடம்பெங்கும் வெள்ளை மெழுகு நூல்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, பெரிய மாவுப்பூச்சி போலவே தோன்றும். காசு கொடுத்து வாங்கி விட்ட வண்டின் குஞ்சையே "மாவுப்பூச்சி பெருத்துவிட்டது" என்று கருதி மருந்தடித்துவிடுவது எளிதில் நேரக்கூடிய தவறு. படத்தில் அதைக் கண்டுகொள்வது எங்ஙனமெனில், மாவுப்பூச்சி மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. இக்குஞ்சோ அதைப்போல் மூன்று மடங்கு வரை நீளும். மெழுகு நூல்கள் ஒழுங்கின்றிச் சடைபோல் நீண்டிருக்கும். குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சி நகர்வதே தெரியாது. இது விரைந்து ஓடும். வளர்ந்த வண்டின் இறக்கை கறுப்பு, தலையும் பின்முனையும் செம்மஞ்சள்.

இன்னொரு வேஷதாரி ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. இலை தின்னாமல் மாவுப்பூச்சியைத் தின்று வளரும் அபூர்வமான புழு அது. தான் தின்னும் பூச்சியின் மெழுகையே முதுகில் பூசிக்கொண்டு, மாவுப்பூச்சிக் குவியலில் ஒரு மேடுபோல் கிடக்கும். அது கூட்டுப்புழுவாகும்போது அதன் மேற்புறம் குரங்கின் முகம் போலவே இருக்கும். கண், மூக்கு, வாய் எல்லாம் வரைந்தாற்போல் தெரியும். ஒரு முறை அதைப் பெரிய படமாய்ப் பார்த்த சிறுவர்கள் பின்பு ஒருபோதும் அதை நசுக்கமாட்டார்கள்.

இனமறிதல் என்பது வெறும் பெயர் விளையாட்டன்று என்பதற்குப் பப்பாளி மாவுப்பூச்சியின் சரித்திரமே சாட்சி. மெக்ஸிகோ முதலிய மத்திய அமெரிக்கப் பிரதேசங்களைச் சேர்ந்த இப்பூச்சி 2008-ம் வருஷம் கோயம்புத்தூரில் பப்பாளியில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து பரவி, தமிழ்நாட்டில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகிய பயிர்களைப் பாழ்படுத்தியது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் இலையின்றித் திண்டாடினர். மருந்து மேல் மருந்தாய் அடித்தும் பயனில்லை. மெழுகுப் போர்வை பூச்சியைக் காத்தது. அதன் இயற்கை விரோதிகளான நுண்ணிய குளவிகளுக்கும் பொறிவண்டுகளுக்கும் போர்வை இல்லாததால் அவைதாம் முதலில் மடிந்தன. பூச்சி இன்னதென்று திட்டமாய்த் தெரிந்த பின்னரே, அது பிறந்த பிரதேசத்தில் அதை அடக்கிவைத்திருப்பது எது என்று தேட முடிந்தது. பெங்களூரிலுள்ள மத்திய அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று ஜாதி ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தனர். அவ்வருஷத்திலேயே அவை தமிழ்நாட்டில் விடப்பட்டன. அவற்றுள் அஸிரோபேகஸ் என்னும் குளவி மிகச் சிறப்பாய் வேலை செய்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதன் குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, முதுகில் வட்டமாய்த் துளையிட்டு வெளிவரும். பல மாவட்டங்களில் சில மாதங்களுக்குள் பூச்சியின் தொல்லை அடங்கியது. குளவியைக் கண்ணால் காண்பது கடினம். ஆனால் அது வேலை செய்கிறதா என்பதைப் படத்தில் காணலாம்: பழுப்பு நிறமாகிக் கெட்டிப்பட்டு உப்பிய மாவுப்பூச்சிகளும், அவற்றில் ஊசி முனையளவுத் துளைகளும் தெரிந்தால், அந்தத் தோட்டத்தில் அப்போது மருந்தடிப்பது கைப்பொருளை எறிந்து காவலையும் கொல்வதாகும்.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கதை உண்டு. அங்கே கோடிக்கணக்கான ஜனங்களுக்கு மரவள்ளியே அன்றாட உணவு. 1970-களின் தொடக்கத்தில் மரவள்ளியில் புதியதொரு மாவுப்பூச்சி தோன்றிப் பரவிற்று. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்ததென்று ஊகித்து, அதன் விரோதிகளை அங்கே தேடினர். அக்கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியின்மேல் ஒரு மாவுப்பூச்சி அகப்பட்டது. பார்வைக்கு ஒன்றேபோல் இருந்தது. அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து சோதித்தபோது அவை ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. நுணுகி ஆராய்ந்த பிறகே அது வேறு ஜாதி என்பது தெரிந்தது. தென்னமெரிக்கப் பூச்சியில் ஆணும் பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்காவில் பரவியது ஆணின்றியே பெருகுவது. சரியான பூச்சி 1981-ல் பராகுவே தேசத்தில் கண்டுபிடிக்கப்பட்டது; அதனோடு சரியான குளவியும் கிடைத்தது. அக்குளவி ஆப்பிரிக்காவில் பல தேசங்களில் விடப்பட்டு, பயிர் பிழைத்தது. இம்முயற்சியை நடத்திய ஹான்ஸ் ஹெர்ரன் என்பவருக்கு 1995-ம் வருஷம் உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது. அதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்திலும் அதையடுத்துத் தமிழ்நாட்டிலும் காணப்பட்டபோது, எதைத் தேடுவது என்ற கேள்விக்கே இடமில்லை. பெயர் தெரிந்திருந்தது, குளவியும் தெரிந்திருந்தது. ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்திலிருந்து அக்குளவி வரவழைக்கப்பட்டு, 2022-ல் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது.

இலையின் அடியிலோ தண்டிலோ, மயிரிழை போன்ற காம்புகளின் நுனியில் வெள்ளை மணிகள் நின்றால், அவற்றைப் பூசணம் என்று எண்ணவேண்டாம். அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். அதன் குஞ்சு அரிவாள்போல் வளைந்த இரு தாடைகளால் அசுவினியைப் பிடித்து உறிஞ்சும். சில ஜாதிக் குஞ்சுகள் தின்று எறிந்த தோல்களையும் குப்பையையும் முதுகில் சுமந்து நடக்கும். குப்பை மூட்டை ஒன்று தானே நகர்வதைக் கண்டால், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். முன்புறத்தில் அரிவாள் தெரியும்.

நாவாய்ப்பூச்சிகளில் முதுகுப் படம் உதவாது. பக்கப் படமே வேண்டும். செடியின் சாற்றை உறிஞ்சுவதன் அலகு மெலிந்து நீண்டு, மார்போடு ஒட்டி மடிந்திருக்கும். பிற புழுக்களைக் குத்தி உறிஞ்சுவதன் அலகு தடித்திருக்கும்; முன்னே நீட்டக்கூடியதாயும் இருக்கும். கேடய வடிவமான உடலைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்பவர் தவறிவிடுவார்.

இனிச் சிலந்திகள். சிலந்தி பயிரைத் தின்பதே இல்லை. ஆகையால் பயிர்ப் பாதுகாப்பைப் பொறுத்தமட்டில் எந்தச் சிலந்தியையும் கொல்வதற்குக் காரணமில்லை. எனினும் எந்தச் சிலந்தி எங்கே வேட்டையாடுகிறது என்று அறிவது சுவையும் பயனும் உள்ள காரியம். அதற்கு முகப் படமே திறவுகோல். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். அவை அமைந்துள்ள விதம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். முகத்தின் நடுவில் மோட்டார் வண்டியின் விளக்குகளைப்போல் இரண்டு பெருங்கண்களும், இருமருங்கும் ஒவ்வொரு சிறு கண்ணும் இருந்தால் அது ஈப்புலி எனப்படும் குதிக்கும் சிலந்தி. வலை கட்டாமல் பாய்ந்து பிடிப்பது அது. கீழே நான்கு சிறு கண்கள் ஒரு வரிசையிலும், மேலே இரண்டு பெரிய கண்களும், அவற்றின் பின்னால் இரண்டும் இருந்தால் அது தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்தி; நெல் வயலில் தத்துப்பூச்சிகளைப் பெருமளவில் தின்பது இதுவே. பெண் சிலந்தி முட்டைப் பையைப் பின்புறத்திலும், பொரித்த குஞ்சுகளை முதுகிலும் சுமந்து திரியும். கால்களில் நீண்ட முட்கள் குத்திட்டு நிற்க, கண்கள் வட்டமாய்க் கூடியிருந்தால், அது செடி மேல் பதுங்கிப் பாயும் முள்ளுக்கால் சிலந்தி. முன்னிரு ஜோடிக் கால்கள் மட்டும் நீண்டு, நண்டுபோல் பக்கவாட்டில் விரித்துப் பூவின்மேல் உட்கார்ந்திருப்பது நண்டுச் சிலந்தி. தேனீயையும் அது பிடித்துவிடும் என்பதை மறைப்பதற்கில்லை. வலையின் நடுவே வெள்ளைப் பட்டினால் குறுக்கும் நெடுக்குமாய்க் கோணற்கோடு கிறுக்கியிருந்தால், அந்த வலைக்காரியைக் கண்களைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

மாமரங்களில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பை அறியாதவர் இல்லை. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் அதே நிறத்தில், அதே நடையில் தனித்துத் திரியும் ஒன்றை எடுத்த படத்தில் கால்களை எண்ணினால் எட்டு வரும். அது எறும்பு வேஷம் பூண்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி உணர்கொம்புகளைப்போல் ஆட்டிக்கொண்டு செல்லும். உடலும் எறும்பைப்போல் இடையிடையே ஒடுங்கி மூன்று பகுதிகளாய்த் தோன்றும். அருகில் சென்று தொட முயன்றால் எறும்பைப்போல் கடிக்க வராது. நூலைவிட்டுக் கீழே தொங்கிவிடும்.

சிலந்திப்பேன் என்பது பெயரளவில் சிலந்தி, செயலில் பயிர்ப்பகை. கத்தரி, வெண்டை இலைகள் வெளிறி, அடியில் நுண்ணிய வலை படிந்திருந்தால் அதன் வேலையாகும். அதுவும் எட்டுக் கால் உடையதே. முட்டையிலிருந்து வந்த புதிதில் மட்டும் ஆறு கால்கள். உடலின் இருபுறமும் கரும்புள்ளி இருப்பது வழக்கம். அதன் நடுவே புள்ளியற்று மின்னும் பேரிக்காய் வடிவமுள்ள பேன் ஒன்று வேகமாய் ஓடுமானால், அது பகைவனைத் தின்னும் பேன். ஓட்டத்தை நிழற்படம் காட்டாது. கைப்பேசியிலேயே சிறிது நேரம் ஓடும் படமாக எடுத்தால் வித்தியாசம் உடனே விளங்கும்.

மக்காச்சோளம் பயிரிடுகிறவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஓர் அடையாளம் உண்டு. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2018-ம் வருஷம் கர்நாடகத்தில் முதன்முதல் காணப்பட்டு, அவ்வருஷமே தமிழ்நாட்டிலும் புகுந்தது. குருத்துக்குள் கிடக்கும் புழுவை எடுத்துத் தலைப்பக்கம் ஒரு படமும் வால்பக்கம் ஒரு படமும் எடுக்க வேண்டும். நெற்றியில் கவிழ்த்து வைத்த கவைக்கோல் போன்ற வெளிர்க்கோடும், வாலுக்குச் சற்று முன்னே உள்ள வளையத்தில் சதுரமாய் நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழுவே. நெற்றிக் கோட்டை மட்டும் நம்பக்கூடாது. வேறு சில புழுக்களுக்கும் அதுபோன்ற கோடு உண்டு. நான்கு புள்ளிச் சதுரமே உறுதியான சாட்சி. சிறு புழுவாய் இருக்கும்போதே கண்டுகொண்டவர் பயிரைக் காத்தார். குருத்து கிழிந்த பின் கண்டவருக்கு மருந்தும் எட்டவில்லை.

படத்தால் தீராத வழக்குகளும் உண்டு. மிளகாயில் பூவையும் குருத்தையும் கெடுக்கும் இலைப்பேன்கள் இரண்டு மில்லிமீட்டர்கூட இரா. படத்தில் இலைப்பேன் என்று மட்டும் சொல்லலாம். எந்த ஜாதி என்பதை அதைக் கண்ணாடித் தகட்டில் பதித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தே சொல்ல வேண்டும். சென்னை லயோலாக் கல்லூரியில் இருந்த டி. என். அனந்தகிருஷ்ணன் தம் ஆயுளின் பெரும்பகுதியை இந்தச் சிறு பிராணிக்கே செலவிட்டு உலகப் புகழ் பெற்றார் என்றால், அதன் கஷ்டத்தை ஊகித்துக்கொள்ளலாம். அனேக சிலந்திகளும் அப்படியே: வளர்ந்து முதிர்ந்ததன் இனப்பெருக்க உறுப்பைச் சோதித்தாலொழிய ஜாதி தெரியாது, குஞ்சாயின் நிபுணரும் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வார். அங்ஙனம் நிறுத்திக்கொள்பவரே நம்பத்தக்கவர். மங்கலான ஒரே படத்தைப் பார்த்து முழுப் பெயரும் சொல்லி மருந்தும் சொல்பவரிடம் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும். அவர் மனிதராயினும் சரி, இயந்திரமாயினும் சரி. மத்திய அரசாங்கத்தார் 2024-ம் வருஷம் ஆகஸ்டு 15-ல் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறையில், கைப்பேசியில் எடுத்த படத்தை அனுப்பினால் இயந்திர அறிவே பூச்சியை ஊகித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. உதவியான ஏற்பாடுதான். ஆனால் இயந்திரம் தனக்குக் கற்பித்த படங்களைக் கொண்டே ஊகிக்கிறது; நல்ல படம் கொடுத்தவருக்கே நல்ல விடை கிடைக்கும்.

இவ்விஷயத்தில் தனி ஆள் செய்வதைவிடச் சங்கம் செய்வது எளிது. மருந்து வாங்குவதற்குக் கடன் கேட்டு வரும் அங்கத்தினர், கூடவே மூன்று படங்களும் கொண்டுவர வேண்டும் என்று ஏற்படுத்திக்கொண்டால், பாதி வழக்குகள் சங்கத்துத் திண்ணையிலேயே தீர்ந்துவிடக்கூடும். பயிர், தேதி, தோட்டம் இருக்கும் இடம், இலையின் எந்தப் பக்கத்தில் கண்டது, எத்தனை செடிகளில் கண்டது என்பவற்றைப் படத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தால், அடுத்த வருஷம் அதே மாதத்தில் அது வழிகாட்டும். அல்லிநகரத்தாருக்குத் தூரமில்லாத பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகமும் உண்டு. அங்கே அனுப்பும்போது, வாட்ஸப்பில் சாதாரணமாய் அனுப்பினால் படம் சுருங்கி நுண்ணிய அடையாளங்கள் அழிந்துவிடும் என்பதால், ஆவணமாக அனுப்புவதே தக்கது.

ஐயமான பூச்சியாயின் படத்தோடு பூச்சியையும் கொடுத்தனுப்ப வேண்டும். மூடியுள்ள சிறு சீசாவில் மருந்துக்கடை ஸ்பிரிட்டை ஊற்றி, பூச்சிகள் நாலைந்தை அதில் போட்டு, பென்ஸிலால் எழுதிய சீட்டை உள்ளேயே இட வேண்டும். மையால் எழுதினால் கரைந்துவிடும். படம் எடுக்கும் வேலை சீசாவில் போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஸ்பிரிட்டில் நிறம் நிலையாது. பப்பாளி மாவுப்பூச்சி அதற்கு நல்ல உதாரணம். செடியில் மஞ்சளாய் இருந்தது ஸ்பிரிட்டில் கிடந்தால் நீலம் கலந்த கறுப்பாய் மாறிவிடும். அந்த நிறமாற்றமே அதை இன்னதென்று காட்டும் அடையாளங்களில் ஒன்று.